கூடத்துக்கு எந்த மஞ்சள்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். சுண்ணாம்புக் காரைச் சுவர், சிவப்பு சிமெண்ட் தரை, தேக்குக் கதவுகள். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவர்களைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறேன். கூடத்துக்கு இளமஞ்சள் பூசலாம் என்று ஷேடு கார்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு லிட்டர் எமல்ஷன் வாங்கி ஒரு பக்கச் சுவரில் அடித்துப் பார்த்தோம். பகலில் கண் கூசுகிறது. இரவில் விளக்கைப் போட்டால் பச்சை பாய்கிறது. கொஞ்சம் வெள்ளை கலந்தால் சரியாகிவிடும் என்கிறார் பெயிண்டர். மகள் வெள்ளையே போதும் என்கிறாள். எண்பத்தொரு வயது அம்மாவுக்கு மஞ்சள்தான் வேண்டும். எந்த மஞ்சள் பூசுவது, அதனுடன் எந்த நிறம் சேரும், சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூக்கிறதே, அதன் மேலேயே பூசலாமா? தீபாவளிக்குள் முடிக்க நினைக்கிறோம். பேரன் வருகிறான்.

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு வணக்கம்.

உங்கள் அம்மா கேட்பது சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தச் சிவப்புத் தரையைப் பார்த்தவுடனே எனக்கும் மஞ்சள்தான் தோன்றியது. மகள் சொல்லும் வெள்ளையையும் ஒதுக்கிவிட வேண்டாம். அதற்கும் அந்தக் கூடத்தில் இடம் இருக்கிறது. பெயிண்டரின் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். எலுமிச்சை மஞ்சளில் எவ்வளவு வெள்ளை ஊற்றினாலும் அது வெளிறிய எலுமிச்சையாகத்தான் மாறும். பச்சைச் சாயல் அதன் பிறவிக்குணம், நீர்த்துப் போனாலும் விடாது. உங்கள் சுவரில் இருக்கும் மஞ்சளுக்குத் தேவைப்படுவது மண்ணின் நிறம். ஒரு துளி காவி விழுந்த மஞ்சள் வேறு, விழாத மஞ்சள் வேறு. இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு துளியைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புதுச்சேரி மஞ்சளைப் பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் வீடுகளின் உட்புற வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் துய்மா வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ எடுத்த ஒரு படத்துடன் வருகிறார்கள். இதே மஞ்சள் வரவேற்பறைக்கு வேண்டும் என்கிறார்கள். அவர்கள் ஆசைப்பட்டதில் தவறில்லை. ஆனால் அந்தச் சுவர்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. அவற்றின் மீது விழும் வெயிலில் ஒரு பங்கு திரும்பித் தெருவுக்கும் வானத்துக்கும் போய்விடுகிறது. சுவரைச் சுற்றிலும் வெள்ளைப் பட்டைகள், சாம்பல் நிறச் சாலை, மரங்களின் நிழல், காகிதப்பூ என்று மஞ்சளைத் தணிக்கும் நிறங்கள் இருக்கின்றன. பழைய சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சு ஒரே சீராகவும் இருப்பதில்லை. ஓர் இடம் வெளிறியும் ஓர் இடம் அடர்ந்தும், மழைநீர் வழிந்த தடத்தில் கறுத்தும் இருக்கும். கண்ணுக்கு அதனால்தான் அது இதமாக இருக்கிறது.

அதே நிறத்தை நான்கு சுவருக்குள் கொண்டுவந்தால் நடப்பது வேறு. ஒரு சுவரிலிருந்து திரும்பும் மஞ்சள் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் மஞ்சளாகித் திரும்ப இங்கேயே வருகிறது. இப்படி மாறி மாறிப் பட்டு, அறைக்குள் இருக்கும் காற்றே மஞ்சளானது போல் ஆகிவிடும். எல்லா நிறங்களுக்கும் இது நடக்கும் என்றாலும் மஞ்சளில்தான் மிகுதியாகத் தெரியும், ஏனென்றால் மஞ்சள் தன் மீது விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் நிறம். மஞ்சள் பூசிய எந்த அறையிலும் இரண்டு சுவர்கள் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே அதே பெயிண்ட் இரண்டு படி அடர்த்தியாகத் தெரியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மளிகைக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், பிஸ்கட் பெட்டி அளவு போதும். உள்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன் மேல் நீங்கள் நினைக்கும் மஞ்சளை நான்கு பக்கமும் இரண்டு கோட் பூசுங்கள். அடியில் சிவப்புத் துணியோ காகிதமோ விரியுங்கள், அதுதான் உங்கள் தரை. ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவு சன்னல் வெட்டி, மேல்மூடியைச் சாத்தி, சன்னல் வழியாக வெளிச்சம் வரும்படி வைத்து இன்னொரு சிறு ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள். கார்டில் வெண்ணெய் போல இருந்த நிறம் பெட்டிக்குள் பலாச்சுளை போலத் தெரியும். அந்தப் பலாச்சுளையைத்தான் நீங்கள் தினமும் பார்க்கப் போகிறீர்கள்.

இந்தப் பெட்டிச் சோதனையை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், லாஸ்பேட்டையில் ஒரு பெரியவரின் வீட்டுக்கு ஷேடு கார்டைப் பார்த்தே மஞ்சள் முடிவு செய்தேன். கார்டில் சந்தனம். சுவரில் ஏறியதும் சாமந்தி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் போட்டிருந்த சாய்வு நாற்காலியைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் போனபோதும் அது திண்ணையில்தான் இருந்தது. அந்தக் கூடத்தை என் செலவில் மறுபடி பூசிக்கொடுத்தேன். அன்றிலிருந்து கார்டை மட்டும் பார்த்து யாருக்கும் மஞ்சள் சொன்னதில்லை.

இனி, எந்த மஞ்சள். மஞ்சளில் மூன்று குடும்பங்கள் உண்டு என்று கொள்ளுங்கள். பச்சையை நோக்கிச் சாயும் எலுமிச்சை, சிவப்பை நோக்கிச் சாயும் மாம்பழம், மண்ணை நோக்கிச் சாயும் காவி. உங்கள் வீட்டுக்கு மூன்றாவதுதான். அதிலும் மிக வெளிறியது வேண்டும். எனக்குப் பிடித்த அடையாளம் பனங்குருத்து. விரியாத பனையோலையைப் பிரித்தால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, அது. ஷேடு கார்டில் அதைப் பார்த்தால் ‘இது என்ன, அழுக்கு வெள்ளை மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும். ஒரு வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் மஞ்சள் என்று தெரியும். அப்படித் தெரிந்தால் அதுவே சரியானது. கார்டில் பார்த்ததுமே ‘ஆகா, என்ன அழகான மஞ்சள்’ என்று மனம் துள்ளினால், அதே வரிசையில் இரண்டு படி மேலே ஏறி வெளிறியதை எடுங்கள்.

சில நிறுவனங்கள் ஷேடு கார்டின் பின்புறம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் அச்சிடுகின்றன. விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் சுவர் திருப்பித் தரும் என்ற கணக்கு அது. முழுக் கறுப்பு பூஜ்யத்துக்கு அருகில், நல்ல வெள்ளை 85, 90 வாக்கில் இருக்கும். உங்கள் கூடத்துக்கு 70 முதல் 80 வரை உள்ள மஞ்சளைப் பாருங்கள். 80க்கு மேல் போனால் இந்த உயரமான பழைய கூடத்தில் வெள்ளையாகவே நின்றுவிடும். 65க்குக் கீழே வந்தால் மழைநாளில் இருண்டுவிடும்.

கூடத்துக்குக் கிழக்கில் ஒரு சன்னல், வடக்கில் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியானது, நீலம் கலந்தது, அங்கே மஞ்சள் தாராளமாகப் பூசலாம் என்று உட்புற அலங்காரப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது குளிர் நாட்டுக்கு எழுதியது. கடலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் 20 வாக்கில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்குகிறது. அந்த நான்கு மாதமும் காலையிலும் மாலையிலும் வெயில் வடக்குச் சன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே எட்டிப் பார்க்கும். நீங்கள் சோதனைக்குப் பூசியது ஜூலையில் என்கிறீர்கள். பகலில் கண் கூசியதற்கு நிறம் மட்டும் காரணம் இல்லை, மாதமும்தான். மார்கழியில் அதே சுவர் அமைதியாக இருக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் வாழ வேண்டிய அறைக்கு மிகக் கடுமையான மாதத்தை வைத்து முடிவெடுப்பதே நல்லது.

மேற்கு அறைக்கும் இதே மஞ்சள் போடலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாலை வெயிலே மஞ்சளைக் கொண்டுவரும். நான்கு மணிக்கு மேல் அந்த அறை ஆரஞ்சாகி, வெக்கையும் கூடியது போல் தோன்றும். அங்கே சாம்பல் கலந்த இளம்பச்சை பூசுங்கள், முருங்கைக் கீரையைக் காயவைத்துப் பொடித்தால் வருமே, அதை மிகவும் வெளிறச் செய்தது போல. கூடத்தில் நின்று திறந்த கதவு வழியாகப் பார்க்கும்போது மஞ்சளுக்கு அடுத்து அந்தப் பச்சை தெரிவது கண்ணுக்கு ஓய்வாக இருக்கும்.

இரவில் பச்சை பாய்வதற்குப் பாதிக் காரணம் விளக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் நீல வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைத்தான் மாட்டுகிறோம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்லும் எண்; கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். அந்த நீலம் எலுமிச்சை மஞ்சளின் மேல் விழுந்தால் பச்சை தெரியாமல் என்ன செய்யும்? அதற்காக 2700 கெல்வின் கொண்ட மஞ்சள் விளக்குக்கு மாறினால், மஞ்சள் சுவரும் வெள்ளைக் கூரையும் ஒன்றாகக் கலந்து எல்லாம் ஒரே தேன்நிறமாகிவிடும். நடுவில் 4000 கெல்வின் இருக்கிறது, கடையில் நியூட்ரல் ஒயிட் என்று கேளுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். பெயிண்ட் வாங்குவதற்கு முன் விளக்கை மாற்றிவிட்டு, அதன் பிறகு மாதிரி பாருங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை செலவாகும்.

சேரும் நிறங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் திரைச்சீலையில் தொடங்குகிறார்கள். திரைச்சீலையை மாற்றலாம், தரையை மாற்ற முடியாது. ஆகவே தரையில் தொடங்குங்கள். உங்கள் சிவப்பு சிமெண்ட் தரை பெரிய செல்வம். எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்து அறுபது ஆண்டு பளபளப்பு ஏறிய அந்தச் சிவப்பை இன்று எந்த டைல்ஸும் தராது. அந்தச் சிவப்புக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. காவி மஞ்சளுக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான், அதில் நீர் சேர்ந்த வகை. மஞ்சள் காவியைச் சுட்டால் செங்காவி ஆகும். சுவரும் தரையும் ஒரே மண்ணின் பிள்ளைகள் என்பதால்தான் நம் பழைய வீடுகளில் இந்த இரண்டும் சண்டை போடாமல் இருக்கின்றன. நீங்கள் பூசிய எலுமிச்சை மஞ்சளுக்குச் சிவப்புத் தரையோடு இந்த உறவு இல்லை. படத்தில் பாருங்கள், தரை இன்னும் சிவந்தும் சுவர் இன்னும் பச்சையாகவும் தெரிகின்றன.

கூரைக்கு வெள்ளை. மகளின் வெள்ளைக்கு இடம் இதுதான். மரச் சட்டங்களுக்கு நடுவே செங்கல் தளம் தெரியும் கூரை உங்களுடையது. சட்டங்களை மரநிறமாகவே விட்டு இடைவெளிகளில் மட்டும் வெள்ளை பூசுங்கள். பளீர் வெள்ளை எடுக்காதீர்கள். அதில் நீலச் சாயல் இருக்கும். மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நீலம் இன்னும் கூடித் தெரியும். சுவருக்கு எடுத்த மஞ்சளையே கால் பங்கு அடர்த்தியில் கலந்து தரச் சொன்னால் கடையில் கலந்து தருவார்கள். அந்த வெள்ளை சுவருக்கு உறவாக இருக்கும்.

தேக்குக் கதவுகளுக்கு எண்ணெய்ப் பூச்சு மட்டும் போதும். சன்னல் கம்பிகளுக்கு நீங்கள் நினைத்திருக்கும் வெள்ளை எனாமல் வேண்டாம். எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் சில ஆண்டுகளில் தானாகவே பழுப்பேறும், வெளிச்சம் குறைந்த இடத்தில் சீக்கிரமாக. இளமஞ்சள் சுவரின் பக்கத்தில் பழுப்பேறிய வெள்ளை வெறும் அழுக்காகத் தெரியும். கரும்பச்சையோ கருஞ்சாம்பலோ பூசுங்கள். நீலம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறச் சக்கரத்தில் மஞ்சளுக்கு எதிரே நிற்கும் நிறம் நீலமும் ஊதாவும் சேர்ந்த பகுதி, ஆகவே சேரும்; ஆனால் சுவராகச் சேராது, பொருளாகச் சேரும். ஒரு அவுரி நீல ஜமக்காளம், இரண்டு தலையணை உறை, அலமாரியில் ஒரு பீங்கான் ஜாடி, அவ்வளவுதான். திரைச்சீலைக்குச் சாயம் போடாத பருத்தி. மஞ்சள் அறையில் மஞ்சள் திரை தொங்கவிட்டால் உள்ளே வரும் வெளிச்சமே மஞ்சளாகிவிடும், நாம் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

பூச்சு மேட் ஆக, அதாவது பளபளப்பில்லாததாக இருக்கட்டும். கையால் பூசிய காரைச் சுவரில் மேடு பள்ளம் இருக்கும். பளபளப்பான பூச்சு ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும், மஞ்சளின் கூச்சமும் கூடும். சமையலறைக்கு மட்டும் கழுவக்கூடிய, லேசான பளபளப்புள்ள சாட்டின்.

இப்போது உப்பு. இதை நீங்கள் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், வேலையில் இதுதான் முதலில் வருவது. கடலோர ஊரில் அடித்தளம் வழியாக ஏறும் ஈரம் தரையிலிருந்து உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சுவரின் முகப்பில் நீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் வெள்ளைப் பூவாக நின்றுவிடுகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர் மூச்சு விடும் சுவர். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷனைப் போர்த்தினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உப்பு படிகமாகி, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு, காரையையும் சேர்த்து உதிர்க்கும். நீங்கள் படத்தில் காட்டிய கொப்புளங்கள் அவைதான். பட்டி பார்த்து அதை மூடுவது புண்ணை மூடுவது போல.

முதலில் வெளியே போய்ச் சுவரின் அடியைப் பாருங்கள். பழைய வீடுகளில் பின்னாளில் முற்றத்தை உயர்த்தி சிமெண்ட் போட்டிருப்பார்கள். வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்து, மழைநீர் சுவரோடு தேங்கும். அப்படி இருந்தால் அதை வெட்டி நீர் விலகி ஓட வழி செய்யுங்கள். பிறகு உள்ளே, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயிண்டையும் பட்டியையும் காரை தெரியும் வரை சுரண்டச் சொல்லுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சில வாரம் அப்படியே காற்றாட விடுங்கள். எங்கெல்லாம் ஈரம் இருக்கிறது என்று அறிய ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் அந்த இடம் இன்னும் பூசத் தயாராகவில்லை.

சுரண்டிய அந்த மூன்றடிக்கு எமல்ஷன் கூடாது, சுண்ணாம்புதான். அதில் செங்காவி கலந்து மூன்று மெல்லிய கோட் அடியுங்கள். ஒவ்வொன்றும் பால் போல நீர்த்திருக்க வேண்டும். ஈரத்தில் அடர்ந்து தெரிந்து, காய்ந்ததும் வெளிறும், ஆகவே அவசரப்பட்டுக் காவியைக் கூட்டாதீர்கள். துணியில் ஒட்டாமல் இருக்க வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றும் பழக்கம் பழைய ஆட்களுக்குத் தெரியும். நம் ஊர் வீடுகளில் சுவரின் அடியில் காவிப் பட்டை அடித்ததும், நீங்கள் கேட்ட நிறச் சேர்க்கையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. கீழே செங்காவிப் பட்டை, அதற்கு மேல் பனங்குருத்து மஞ்சள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கோடு இழுத்தால் எமல்ஷனும் சுண்ணாம்பும் சந்திக்கும் ஒட்டும் மறைந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டையைத் தட்டிச் சுத்தம் செய்து ஒரு கோட் அடிக்க வேண்டிவரும். மலிவான வேலை, ஒரே நாளில் முடியும்.

சுண்ணாம்பில் கலக்க ஏன் காவியையே சொல்கிறேன் என்பதை வேதியியல் ஆசிரியையான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் பெயிண்டருக்குச் சொல்ல உதவும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது சுண்ணாம்பின் காரத்தன்மை செய்யும் வேலை. கடையில் இயந்திரத்தில் சொட்டும் நிறமிகளிலும் காரத்தைத் தாங்காதவை உண்டு. அவை சுண்ணாம்புச் சுவரிலும் சரியாகக் காயாத புதுப் பூச்சிலும் திட்டுத்திட்டாக வெளிறும். பளிச்சென்ற கரிம மஞ்சள்களில் சில வெயிலிலும் நிற்பதில்லை, வாசற்படியில் பூசிய மஞ்சள் சில நாளில் மங்குவது போல. இரும்பு ஆக்சைடு காரத்துக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. மேல்சுவருக்கான எமல்ஷனை வாங்கும்போதும், மஞ்சள் ஆக்சைடு நிறமி அதிகம் சேரும் ஷேடாகப் பார்த்துத் தரும்படி கேளுங்கள். கலக்கும் கணினியின் திரையிலேயே எந்த நிறமி எத்தனை என்று தெரியும். கடைக்காரரால் பார்த்துச் சொல்ல முடியும்.

அளவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் ஏறக்குறைய 60, 65 சதுர அடி வரும். காவிப் பட்டையையும் கதவு சன்னலையும் கழித்தால் உங்கள் கூடத்துக்கு ஐந்து, ஆறு லிட்டர் போதும். மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே கடையில் கலந்து வாங்குங்கள். டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தனியாகக் கலந்து வாங்கினால் எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் ஒரு மயிரிழை மாறும், மஞ்சளில் அந்த மயிரிழை தெரியும். மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. இப்போது பூசிய எலுமிச்சை அடியில் எட்டிப் பார்க்காமல் இருக்க ஒரு கோட் வெள்ளை ப்ரைமர் அவசியம்.

தீபாவளிக்குள் வேண்டாம். இதைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் கடலூரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. தானே புயல் நம் கரையைத் தொட்டது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று. இந்த மாதங்களில் காரைச் சுவர் நீரைக் குடித்துக்கொண்டு நிற்கும், பூசியது எதுவும் உள்ளே காயாது. இப்போது சுரண்டும் வேலையையும் வெளியே நீர் விலகும் வேலையையும் முடித்துவிடுங்கள். தீபாவளிக்குக் கூரை வெள்ளையும் விளக்கும் போதும். அடிச்சுவர் ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்து கிடந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதும் துல்லியமாகத் தெரிந்துவிடும். மஞ்சளையும் காவியையும் தை பிறந்து, மாசியில் பூசுங்கள்.

அம்மாவின் அறைக்கு ஒரு வார்த்தை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை தானே மஞ்சளாகிறது. வெள்ளையையும் இளமஞ்சளையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது. நாம் இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்த பனங்குருத்து அவருக்கு வெள்ளையாகவே தெரியலாம். அவர் ஆசையாகக் கேட்ட மஞ்சள் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால், அவர் அறையில் மட்டும் ஒரு படி அடர்த்தியானதை எடுங்கள், கட்டிலில் படுத்துப் பார்த்தால் தெரியும் ஒரு சுவருக்கு மட்டும். இன்னொன்று, மஞ்சள் சுவரில் வெள்ளை சுவிட்ச் பலகையும் வெள்ளைக் குளியலறைக் கதவும் இருந்தால் இரவில் தடவித் தேட நேரும். கதவு நிலையைக் கரும்பழுப்பாகவும், சுவிட்ச் பலகையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் செங்காவியாகவும் பூசிவிடுங்கள். குளியலறைப் படியின் விளிம்பிலும் அதே செங்காவிக் கோடு. மாதிரி அட்டையை அவர் கையில் கொடுத்து, அவர் கட்டிலிலிருந்தே பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக, முற்றத்துக் கதவில் பச்சை எனாமல் அடுக்கடுக்காக உரிந்திருப்பது படத்தில் தெரிகிறது. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறந்து தரையில் படியும், தவழும் குழந்தையின் விரலுக்கு வரும். தீ காட்டி உரிப்பதும் கூடாது. கதவைத் தண்ணீரில் நனைத்து, நீர் உப்புத்தாளால், கீழே பிளாஸ்டிக் விரித்துத் தேய்க்க வேண்டும். முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். பெயிண்டர் முகக்கவசம் போடட்டும். பேரன் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கதவில் கை வையுங்கள்.